ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு யார் பொறுப்பு?

2021 மே மாதம், கரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, சேலம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகளுடன் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. அந்த நாட்களில் படுக்கை கிடைத்தாலே உயிர் பிழைத்த மாதிரி. கட்டில் எங்கே செய்தது, யார் சோதித்தது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. இன்று நிலைமை வேறு. நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு என்று ஊருக்கு ஊர் தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆனால் கட்டில் வாங்கும்போது விலையைக் கேட்கிற அளவுக்குத் தரச்சான்றைக் கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

கட்டிலில் அப்படி என்ன ஆபத்து என்று தோன்றலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு 1985 முதல் 2009 ஜனவரி 1 வரை வந்த புகார்களில், கட்டிலின் பக்கக் கம்பிகளில் நோயாளிகள் சிக்கிக்கொண்ட சம்பவங்கள் 803. அதில் 480 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் முதியவர்கள், உடல் தளர்ந்தவர்கள், நினைவு குழம்பியவர்கள். கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே தலையோ கழுத்தோ மாட்டிக்கொண்டால் அவர்களால் விடுவித்துக்கொள்ள முடியாது. அதனால்தான் அந்த நிர்வாகம் 2006-இல் சிக்கக்கூடிய ஏழு இடங்களை வகைப்படுத்தியது. தலை நுழையக்கூடிய இடைவெளி 120 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. மருத்துவக் கட்டில்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60601-2-52 இந்த இடைவெளிகளோடு, எடை தாங்கும் திறன், மின் பாதுகாப்பு ஆகியவற்றையும் சோதிக்கச் சொல்கிறது. கட்டிலோடு வந்த மெத்தையை மாற்றி மெல்லிய மெத்தை போட்டாலே இடைவெளி மாறிவிடும். நம் மருத்துவமனைகளில் தினமும் நடப்பது இதுதான்.

வெளிநாட்டிலிருந்து வரும் கட்டில் துறைமுகத்தில் முதலில் சந்திப்பது சுங்கப் பட்டியலை. 9402 என்ற தலைப்பின் கீழ் அறுவை சிகிச்சை மேசையும், பல் மருத்துவர் நாற்காலியும், இயந்திர அமைப்புள்ள மருத்துவமனைக் கட்டிலும் வருகின்றன. முடிதிருத்தும் கடை நாற்காலியும் அதே தலைப்பில்தான். இயந்திர அமைப்பு இல்லாத கட்டில் 9403-க்குப் போய்விடும். வரி போட இந்தப் பிரிவு போதும். பாதுகாப்புக்கு வேறு இரண்டு சட்டங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, 2017-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகள். 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்தன. இறக்குமதியாளர் எம்டி-14 படிவத்தில் விண்ணப்பித்து, எம்டி-15 உரிமம் பெற வேண்டும். ஆனால் கிருமி நீக்கமோ அளவிடும் வேலையோ இல்லாத ‘ஏ’ வகுப்புச் சாதனங்களுக்கு 2022 அக்டோபரில் விலக்கு தரப்பட்டது. இணையதளத்தில் சுயசான்று தந்து பதிவு செய்தால் போதும். இன்னொன்று, 2025 பிப்ரவரியில் வந்த அறைகலன் தரக் கட்டுப்பாட்டு ஆணை. நாற்காலி, மேசை, அலமாரி, கட்டில் ஆகியவற்றுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கும் இந்த ஆணை, 2026 பிப்ரவரி 13 முதல் அமல் என்று அறிவித்தது. வெளிநாட்டுத் தொழிற்சாலையாக இருந்தாலும் அந்த முத்திரையைத் தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் அதிகாரிகளின் ஆய்வுக்குப் பிறகே உரிமம். வாங்கப்போகும் பொருள் இந்த இரண்டில் எதற்குள் வருகிறது என்பதை ஆர்டர் போடும் முன்பே எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கன்டெய்னர் துறைமுகத்துக்கு வந்த பிறகு ஓடினால் வாடகைதான் ஏறும்.

விற்பனையாளரின் பட்டியலில் ‘சிஇ முத்திரை உண்டு’ என்று போட்டிருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைவது பெரிய தவறு. ஐரோப்பிய விதிப்படி பெரும்பாலான மருத்துவமனைக் கட்டில்கள் முதல் வகுப்பில் வருகின்றன. அந்த வகுப்புக்குத் தயாரிப்பாளரே தன் பொருள் சரி என்று அறிவித்து முத்திரை குத்திக்கொள்ளலாம். வெளியார் சோதனை கட்டாயமில்லை. ஐஎஸ்ஓ 13485 சான்றோ தொழிற்சாலையின் நிர்வாக முறைக்குத் தரப்படுவது. கையில் இருக்கும் இந்தக் கட்டிலை யாராவது சோதித்தார்களா என்பதற்கு அது பதில் ஆகாது. அதற்குச் சோதனைக்கூட அறிக்கைதான் வேண்டும், அதுவும் வாங்குகிற அதே மாடலுக்கு.

தரம் என்ற சொல், முட்டை ஏற்றுமதி செய்யும் நாமக்கல்லுக்குப் புதிதல்ல. 2024 இறுதியில் கத்தார் முட்டையின் எடைக்குப் புது விதி போட்டது. ஓமன் இறக்குமதி அனுமதியை நிறுத்தியது. அப்போது பண்ணையாளர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. நம் முட்டையை அடுத்த நாடு எடை போட்டுப் பார்க்கும்போது, நம் நோயாளி படுக்கும் கட்டிலை நாம் அளந்து பார்க்கக் கூடாதா?

உள்ளூர்ப் பட்டறைகளுக்கும் இதே அளவுகோல்தான் வேண்டும். குழாயை வளைத்து, வெல்டிங் வைத்து, பவுடர் கோட்டிங் கொடுத்துக் கட்டில் செய்யும் திறமை இந்த மண்ணில் தாராளமாக இருக்கிறது. அருகிலேயே சோதனை வசதி இருந்தால் அவர்களும் சான்றோடு போட்டிக்கு வரலாம். மாநில அரசு ஒரகடத்தில் மருத்துவச் சாதனப் பூங்கா அமைக்கிறது. அதோடு சேலத்திலும் ஒரு கட்டில் சோதனைக்கூடம் வேண்டும்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டதிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது. இருபது முப்பது படுக்கை உள்ள சிறு மருத்துவமனைக்குத் தனியாக அந்த பலம் கிடையாது. ஆகவே சேலம், நாமக்கல் மாவட்டத் தனியார் மருத்துவமனைகள் சேர்ந்து ஒரே பட்டியல் போட்டு வாங்கட்டும். டீலரிடம் உரிமம் அல்லது பதிவு எண், மாடல் வாரியான சோதனை அறிக்கை, மெத்தையோடு சேர்த்து அளந்த இடைவெளிக் கணக்கு ஆகியவற்றைக் கேட்கட்டும். தராதவருக்கு ஆர்டர் தர வேண்டாம்.