யார் வீட்டுக் கலியாணம்?

சென்ற ஆவணியில் மதுரையில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். பெண் வீட்டார் எனக்கு நெடுநாள் பழக்கம். மண்டப வாசலில் காகிதப் பூக்களால் ஒரு வளைவு. அதைத் தாண்டினால், மணமக்களின் பெயரெழுத்துக்களைப் பலகையில் அறுத்துச் சணல் கயிறு சுற்றி நிறுத்தியிருந்தார்கள். மேடைக்குக் கீழே நீண்ட மேஜையில் சீர்வரிசைத் தட்டுகள். ஒரு தட்டில் தேங்காய்க்குக் கண்ணும் மூக்கும் எழுதி, ஜரிகை முந்தானை போட்டு மணப்பெண்ணாக உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்துத் தேங்காய், மீசை வைத்த மாப்பிள்ளை. அடுத்த தட்டில் துண்டை மடித்துச் செய்த அன்னப் பறவைகள். அதற்கடுத்ததில் மஞ்சள் கிழங்கால் கட்டிய தேர்.

பெண்ணின் தகப்பனார் பெருமிதத்தோடு என்னை அழைத்துப் போய் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

“எல்லாமே கையால செஞ்சதுண்ணே. மிஷின் சாமான் ஒண்ணுகூடக் கிடையாது. மத்தவங்க கலியாணம் மாதிரி இருக்கக் கூடாது, நம்ம கலியாணம்னு தனியாத் தெரியணும்னு பிள்ளைக ரெண்டும் ஆசைப்பட்டுச்சுக.”

“யார் கையால செஞ்சது?” என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் விழித்தார். “அது டெக்கரேஷன்காரங்க கொண்டாந்து வைக்கிறதுண்ணே. சாயங்காலம் எடுத்துட்டுப் போயிருவாங்க.”

அதே வாரத்தில், வைகைக்கு வடகரையில் இன்னொரு மண்டபத்தில் இன்னொரு கலியாணம். அங்கேயும் சீர்த்தட்டு மேஜைக்கு அருகே போய் நின்றேன். அதே தேங்காய் மாப்பிள்ளை அங்கேயும் உட்கார்ந்திருந்தார். இடது பக்கத்து மீசை கொஞ்சம் தூக்கலாக இருந்ததால் எனக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. அங்கேயும் ஒரு தகப்பனார், “எல்லாம் கைவேலை” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சிரித்துவிட்டு மறந்துவிடக் கூடிய விஷயம்தான். ஆனால், யோசிக்க யோசிக்கச் சிரிப்பு நின்றுவிட்டது. ‘நம்முடைய கலியாணம் நம்முடையதாக இருக்க வேண்டும்’ என்று இரண்டு இளம் உள்ளங்கள் ஆசைப்படுகின்றன. நியாயமான ஆசை, நல்ல ஆசை. அந்த ஆசையைத்தான் நாம் வாடகைக்கு வாங்கிக் கொடுக்கிறோம். எடுத்தவர் திருப்பிக் கொடுத்ததும் அடுத்தவருக்குப் போகிற பொருள் எப்படி ஒருவருக்குச் சொந்தமாகும்? சொந்தக்காரர்களை வாடகைக்குப் பிடித்து வந்து முன் வரிசையில் உட்கார வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

என் கட்சியை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். கலியாணத்தில் அழகு கூடாது என்று நான் சொல்லவில்லை. அலங்காரம் செய்து பிழைக்கிறவர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. அவர் உழைக்கிறார், கூலி வாங்குகிறார். என் வழக்கு, அதைச் சொந்தம் என்று நினைத்து ஏமாந்துபோகிற நம்மீதுதான்.

இப்படிச் சொன்னதும், “பார்த்தீரா, இவரும் பழைய காலம் போச்சே என்று அழ ஆரம்பித்துவிட்டார்” என்று ஒரு குரல் கிளம்பும். இல்லை, ஐயா. அந்தப் பழைய காலத்தைக் கொஞ்சம் அருகில் இருந்து பார்த்தவன் நான். அந்தக் கலியாணங்களில் எல்லாமே கைவேலைதான். பந்தலும் கை, பானையும் கை, மாலையும் கை. ஆனால் எந்தக் கை? அரசாணிப் பானை செய்து கொண்டுவந்த குயவர் பந்தலுக்கு வெளியே நின்றார். மாற்று விரித்த சலவைத் தொழிலாளி, எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போனார். வருஷத்துக்கு இத்தனை மரக்கால் நெல் என்று கணக்கு. அதற்காக அவர் மகனும் அவன் மகனும் அதே வாசலில் அதே இடத்தில் நிற்க வேண்டும். உள்ளேயோ, வீட்டுப் பெண்கள் மூன்று நாள் உறக்கம் இல்லாமல் அரைத்து, இடித்து, ஆக்கிப் போட்டுவிட்டுத் தாலி கட்டுகிற நேரத்தில் அடுக்களைப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைவேலையை நினைத்து நான் உருக மாட்டேன். உழைப்புக்குக் கூலி என்று ஏற்பட்டு, சாதியினால் ஒட்டிக்கொண்ட வேலை கழன்று விழுந்தது பெரிய லாபம். அந்த லாபத்தை ஒருநாளும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கலியாணத்தைத் தம்முடையதாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் இன்று பிறந்தது அல்ல. நம் மதுரைக்குத் தெற்கே, அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்று ஒரு கிராமம். அந்தக் கரிசல் காட்டு ஊரில்தான் 1928-இல் பெரியார் முன்னின்று முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்தி வைத்தார். புரோகிதர் இல்லை, புரியாத மந்திரம் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்று அந்த மணமக்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அதன் பிறகு ஆயிரக்கணக்கான பேர் அந்த வழியில் மணம் செய்துகொண்டார்கள். ‘இந்தக் கலியாணம் செல்லுமா, பிள்ளைகளுக்குச் சொத்துரிமை உண்டா’ என்ற கேள்வியைத் தலைக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டே குடும்பம் நடத்தினார்கள். 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டசபை இந்து திருமணச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேற்றியது. 1968-இல் அது அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று ஆயிற்று.

அந்தச் சட்டம் என்ன கேட்கிறது தெரியுமா? உற்றார், நண்பர், அல்லது வேறு சிலர் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற பாஷையில் ‘இவரை என் துணையாக ஏற்கிறேன்’ என்று ஒருவருக்கொருவர் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றிக்கொண்டால் போதும். மோதிரம் அணிவித்தாலும் சரி, தாலி கட்டினாலும் சரி. இவற்றில் ஒன்றே போதும். ஒரு முழு வாழ்க்கைக்குச் சட்டம் கேட்கிற செலவு இரண்டு மாலை!

அவர்கள் கலியாணத்தின் நடுவில் கை வைத்தார்கள். நாம் ஓரத்தில் கை வைக்கிறோம். நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். வரன் தேடும்போது சாதி, உட்பிரிவு எல்லாம் ஊர் வழக்கப்படியே. எத்தனை பவுன் என்ற பேச்சும் ஊர் வழக்கப்படியே. 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது என்பதை அந்த வேளையில் யாரும் நினைவூட்டுவது இல்லை. மண்டபம், நகை, கடன், வட்டி எல்லாம் எல்லோரையும் போலவே. இவ்வளவையும் அப்படியே வைத்துக்கொண்டு, தட்டின் விளிம்புக்கு மட்டும் ஜரிகை ஒட்டி, ‘இது எங்கள் பாணி’ என்கிறோம். பெண்ணின் பெயரைச் சணல் கயிறு சுற்றி வாசலில் நிறுத்துகிறோமே, அந்தப் பெண்ணிடம் ‘உனக்கு எப்படிப்பட்ட கலியாணம் வேண்டும்?’ என்று ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டோமா?

சரி, கைவேலைதான் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். கைகளுக்கா மதுரைச் சீமையில் பஞ்சம்?

இந்த ஊர் சௌராஷ்டிர சமூகத்தார் கைவண்ணத்தில் பெயர் பெற்றது சுங்குடி. பருத்திப் புடவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளியெடுத்து நூலால் முடிச்சுப் போட்டு, ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் கட்டி, சாயத்தில் முக்கி, உலர்த்திப் பிரித்தால் முடிச்சுப் போட்ட இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக மலரும். ஒரு புள்ளி போல இன்னொன்று இராது. 2005-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் சுங்குடி என்று இன்று கடையில் அடுக்கியிருப்பதில் பெரும்பாலானது அச்சடித்த புள்ளி. முடிச்சுப் போடுகிற பெண்களின் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். கூலி கட்டவில்லை, போகாமல் என்ன செய்வார்கள்?

திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் விளாச்சேரி இருக்கிறது. களிமண்ணில் உயிர் கொடுக்கிற ஊர். கொலுவுக்கு வைக்கும் பொம்மைகளில் ‘கலியாண செட்’ என்றே ஒன்று உண்டு. பொம்மைக் கலியாணம் செய்து தருகிற அந்தக் கைகளை நிஜக் கலியாணத்துக்கு நாம் கூப்பிடுவது இல்லை. அங்கே பிளாஸ்டிக் கலசமும் தெர்மோகோல் தூணும் போதும்.

‘எங்கள் பெயர் போட்ட பொருள் வேண்டும்’ என்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் தெற்கே திருநெல்வேலிச் சீமைக்குப் போகட்டும். அங்கே பத்தமடையில் கோரையை ஊறவைத்து, நுணுக்கமாகக் கீறி, சாயம் ஏற்றி, மணமக்கள் பெயரையும் முகூர்த்தத் தேதியையும் பாயிலேயே நெய்து கொடுக்கிறார்கள். நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். எந்த வீட்டுக் கலியாணமானாலும் அந்தப் பெண்கள் அந்தப் பெயரை ஓர் இழை பிசகாமல் நெய்கிறார்கள். அந்தப் பாயைச் சாயங்காலம் யாரும் வந்து எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். அதன்மேல் பிள்ளைகள் தவழும்.

பூவைப் பற்றி நான் மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுத்தாவணிச் சந்தைக்கு விடியுமுன்னே வந்து இறங்கும் மல்லிகை அரும்பு, முகூர்த்த நாளில் என்ன விலை போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அரும்பைச் செடியிலிருந்து கிள்ளிய பெண்ணுக்கும், நாரில் கட்டிய பெண்ணுக்கும் அந்த விலையில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதுதான் தெரியாது. மேடை அலங்காரத்துக்கு ஒரு லட்சம் என்றால் ‘சரி’ என்று தலையாட்டிவிட்டு வெளியே வருகிறவர், வாசலில் பூக்காரியிடம் முழத்துக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் வாதாடுகிறார். நான் கண்ணால் கண்ட காட்சி. கைவேலையின் மேல் நமக்குள்ள மதிப்பு அவ்வளவுதான்.

“இதெல்லாம் சரி, நேரம் எங்கே இருக்கிறது? ஆபீசில் நாலு நாள் லீவு வாங்குவதே பெரும்பாடு” என்பார்கள். இந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. உண்மையிலேயே நேரம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால், கலியாணத்துக்கு முன்னால் படம் எடுக்க இரண்டு நாள் மலைமேல் போய் நிற்க நேரம் கிடைக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?

நேரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டுமானால், சித்திரையில் மதுரைக்கு வாருங்கள். மீனாட்சி கலியாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வடக்கு வெளி வீதியில் சேதுபதி மேல்நிலைப் பள்ளிக்குள் நுழைந்து பாருங்கள். 1904-இல் பாரதியார் தமிழாசிரியராக இருந்த பள்ளி அது. திருக்கல்யாண விருந்துக்கு அங்கேதான் சமையல். வண்டி வண்டியாகக் காய்கறி வந்து குவிந்திருக்கும். சுற்றிலும் பெண்களும் ஆண்களும் சம்மணமிட்டு உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருப்பார்கள். அரிவாள்மனையை, கத்தியைத் தம் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு வந்தவர்கள். யாரும் அழைப்பிதழ் கொடுத்து அழைக்கவில்லை, கூலியும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பாரும் இல்லை. மறுநாள் அம்மனுக்குத் தாலி ஏறுகிற வேளையில் பெண்கள் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். விருந்து சாப்பிட்டுவிட்டு மொய்யும் எழுதிவிட்டுப் போவார்கள்.

அங்கே நறுக்கியவர்களில் யாரையாவது நிறுத்தி, “யார் வீட்டுக் கலியாணம்?” என்று கேட்டுப் பாருங்கள். “நம்ம வீட்டுக் கலியாணம்தான்” என்றுதான் பதில் வரும். ஒரு கூடைப் பூசணிக்காயை நறுக்கிய உரிமையில் மதுரையின் அரசியையே சொந்தக்காரி ஆக்கிக்கொண்டுவிடுகிறார்கள். அந்தப் பூசணிக்காய்க்கு யாரும் ஜரிகை சுற்றவில்லை.

ஆகவே, கலியாணம் வைத்திருக்கும் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் நான் சொல்வது இதுதான். ஒரே ஒரு காரியத்தை உங்கள் கையால் செய்யுங்கள். பத்துப் பெரியவர்களுக்காவது அழைப்பை உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். அல்லது, மாற்றிக்கொள்ளப் போகிற மாலையை முந்தின இரவு நண்பர்களோடு உட்கார்ந்து நீங்களே கட்டுங்கள்; கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அல்லது முதல் பந்திக்கு இருவருமாக இலை போட்டுப் பரிமாறுங்கள். அந்தப் பந்தியில் பந்தல்காரரும் பூக்காரியும் உட்கார்ந்திருக்கட்டும். உங்களுக்குத் தெரியாத வேலைக்குத் தெரிந்த கையைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் பேரம் பேசாமல் கூலியைக் கொடுங்கள். அவர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தத் தேங்காய் மாப்பிள்ளை இந்நேரம் வேறு ஏதாவது ஒரு மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முகூர்த்த நாளெல்லாம் கலியாணம்தான். உங்களுக்கு ஒரு நாள்தானே!