கோட்டைக்கு உலக அங்கீகாரம்... வகுப்பறைக்கு எப்போ?

ஜூலை 11-ல இருந்து செஞ்சிக்காரங்க ஸ்டேட்டஸ் எல்லாம் ராஜகிரிதான். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த 12 கோட்டைகள்ல தமிழ்நாட்டுல இருக்கிறது நம்ம கோட்டை ஒண்ணுதான். நானும் போட்டேன் தோழர்களே, பெருமைதான்.

அந்த வாரமே எங்க பெரியம்மா பொண்ணு போன் பண்ணாங்க. "தம்பி, திண்டிவனத்துல துணிக்கடையில பில் போடுற வேலை ஏதாவது இருக்குமா?"

அக்கா ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடிச்சவங்க. 2013-லயே டெட் பாஸ். இப்போ பக்கத்து ஊர்ல ஒரு அரசு தொடக்கப் பள்ளியில "ஹெல்ப்" பண்றாங்க. (ஊர் பேர் வேண்டாம், இருக்கிறதும் போயிடும்.) ரெண்டு டீச்சர்ல ஒருத்தர் பயிற்சிக்கோ ஆபீஸ் வேலைக்கோ போயிட்டா, அஞ்சு வகுப்புல பாதி அக்கா தலையில. ஊர்க்காரங்க வசூல் பண்ணித் தர்றது மாசம் 3,000. ஜூன்ல பள்ளி திறந்ததுல இருந்து அதுவும் வரலை. வருகைப் பதிவேட்டுல பேர் கிடையாது. அதிகாரி வந்தா சத்துணவுக் கூடம் பக்கம் போய் உட்காரணும்.

கொரோனாவுக்கு அப்புறம் அக்கா இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலரா இருந்தாங்க. 2021 அக்டோபர்ல முதல்வர் அந்தத் திட்டத்தை ஆரம்பிச்சது நம்ம விழுப்புரம் மாவட்டத்துலதான், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்துல. ஊக்கத்தொகை மாசம் 1,000. அப்போ நூறு நாள் வேலைக்கு ஏட்டுல இருந்த கூலியே ஒரு நாளைக்கு 273. நாலு நாள் கூலிக்கும் கம்மி! "சேவை"ன்னு பேர் வச்சா சம்பளம் கேட்க முடியாதில்ல?

அக்கா கதையாவது எந்தக் கணக்குலயும் இல்லாதது. அரசே ஆர்டர் போட்டு எடுத்தவங்க கதி என்ன? 2012-ல அதிமுக ஆட்சி 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல். வாரத்துக்கு மூணு அரை நாள், சம்பளம் 5,000. அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் அவங்கதான் ஆட்சி, நிரந்தரம் பண்ணலை. 2021-ல திமுக தேர்தல் அறிக்கையில வாக்குறுதி எண் 181: பணிநிரந்தரம். 2025-க்குள்ள நாலு வருஷம் ஓடிடுச்சு. அதுவரைக்கும் வந்தது என்ன? 10,000-ல இருந்து 12,500. அப்போ மே மாசம் அதுவும் கிடைக்கலை. மே மாசம் இவங்க வீட்டுல அடுப்பு எரியாதுன்னு யாரு கண்டுபிடிச்சாங்கன்னு தெரியலை.

கேட்டா, "ஒன்றிய அரசு நிதி தரலை"ங்கறாங்க. உண்மைதான். தேசியக் கல்விக் கொள்கைக்குக் கையெழுத்துப் போடலைன்னு சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடியை பாஜக அரசு நிறுத்தி வச்சது பச்சை அநியாயம். பிள்ளைங்க படிப்பைப் பணயம் வைக்கிற வேலை அது. ஆனா 181-ம் வாக்குறுதி கொடுத்தப்போ இந்தப் பிரச்சனையே இல்லையே? முதல் மூணு வருஷம் யாரு கையைக் கட்டி வச்சது?

சட்டமும் தெளிவாத்தான் இருக்கு. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 26: ஒரு பள்ளியில ஆசிரியர் காலியிடம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ரெண்டு பேர் இருக்க வேண்டிய பள்ளியில ஒரு இடம் காலின்னா அதுவே 50 சதவீதம். ஒரே வேலை செய்யற தற்காலிக ஊழியருக்கும் சம ஊதியம்னு 2016-ல, பஞ்சாப் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். "டெம்பரரி ஃபிக்ஸ்"னு எழுதின கோடுதான் பத்து வருஷம் ஓடும், எங்க துறையில எல்லாருக்கும் தெரியும். ஆனா கோடுக்குப் பசிக்காது.

அக்கா இன்னும் துணிக்கடைக்குப் போகலை. "ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்கு உயிர்மெய் ஆரம்பிச்சிருக்கேன், பாதியில விட முடியாதுடா"ன்னாங்க.

தோழர்களே, செஞ்சி, மேல்மலையனூர், வல்லம் ஒன்றியத்துல உங்க ஊர்ப் பள்ளியில அனுமதிச்ச பணியிடம் எத்தனை, நிரப்பினது எத்தனைன்னு கமெண்ட்ல போடுங்க. ஆள் பேர் எழுதாதீங்க. தெரியாத ஊருக்கெல்லாம் ஆர்டிஐ மனு நாங்க போடுறோம்.

#181_என்னாச்சு
#தற்காலிகம்_எத்தனை_காலம்