பழைய வழக்கு சாட்சி ஆகாது

செயின் பறிப்புச் செய்திகளின் கடைசி வரி அநேகமாக ஒன்றுதான்: ‘இவர் மீது ஏற்கெனவே பல வழக்குகள் நிலுவையில் உள்ளன.’ படித்தவர் மனதில் வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. இதை நீதிபதி முன் சாட்சியமாக வைக்க முடியாது என்று சொல்லிப் பாருங்கள். சட்டம் திருடனுக்குத் துணைபோகிறது என்று கொதிப்பார்கள். அந்தக் கொதிப்பு தவறு.

ஒருவரின் பழைய கெட்ட நடத்தை இன்றைய வழக்குக்குச் சாட்சியம் ஆகாது என்றது 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 54ஆம் பிரிவு. தான் நல்லவன் என்று அவரே சாட்சியம் கொண்டுவந்தால் மறுப்பாகக் காட்டலாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இந்த விதியைக் கைவிடவில்லை.

அது இருக்கத்தான் வேண்டும். தெருவில் செயின் பறிபோனால் போலீஸ் முதலில் புரட்டுவது பழைய குற்றவாளிகளின் பட்டியலை. பட்டியலில் இருந்ததால் ஒருவரைப் பிடிக்கிறார்கள். அதே பட்டியலை நீதிமன்றத்திலும் நீட்டினால் புதிதாக என்ன நிரூபணமாகிறது? பத்து வழக்கு, பன்னிரண்டு வழக்கு என்கிறோமே, தண்டனையில் முடிந்தவை எத்தனை என்று யார் கேட்கிறோம்? விடுதலையான வழக்கையும் சேர்த்தே எண்ணுகிறது ஊர்.

இந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது மதுரைச் சீமைக்குத் தெரியும். சாட்சியச் சட்டத்துக்கு ஓராண்டு முன்பு, 1871இல், அதே பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டது. பிறப்பே குற்றத்துக்குச் சான்றாயிற்று. பின்னர் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. 16 பேர் மாண்டார்கள். அன்று சாதியைச் சொன்ன இடத்தில் இன்று பதிவேட்டைச் சொல்கிறோம்.

விதிவிலக்கு உண்டு. காப்பீடு செய்த வீடுகளில் மாறி மாறிக் குடியிருந்தவர், ஒவ்வொன்றும் தீப்பற்றியபோதெல்லாம் பணம் வாங்கியிருந்தால், கடைசித் தீ தற்செயலா என்று அறிய முந்தைய தீவிபத்துகளைப் பார்க்கலாம். சட்டமே தரும் உதாரணம் இது. ஒரே மாதிரி விபத்து திரும்பத் திரும்ப நடக்குமா என்பதே அங்கே கேள்வி. அவர் கெட்டவர் என்பதால் கொளுத்தியிருப்பார் என்று யாரும் வாதிடுவதில்லை.

செயினை இழந்த பெண்ணுக்கு, அதை அறுத்தவன் பிடிபட வேண்டும். பதிவேட்டிலிருந்து ஒருவரை எடுத்து வழக்கை முடித்த அன்றே, அறுத்தவனைத் தேடுவதும் நின்றுபோகிறது. அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமலிருக்கலாம்.