தடியால் தீராது தொற்று

"நம்ம ஜனங்களுக்குச் சொன்னால் ஏறாது; நாலு போடு போட்டால்தான் அடங்குவார்கள்." கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு கேட்காத வீடு குறைவு. படித்தவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். நோய் பரவக் காரணம் மக்களின் ஒழுங்கின்மை, அதற்கு மருந்து போலீஸ் லத்தி என்ற நம்பிக்கை அப்போது வேரூன்றியது. ஊரடங்கு முடிந்து ஆண்டுகள் ஆகியும் அது அசையவில்லை. பெருந்தொற்றுப் பேச்சு எழும்போதெல்லாம் "அப்போதே இன்னும் கடுமையாக இருந்திருக்க வேண்டும்" என்று பெருமூச்சு விடுகிறார்கள். இந்த நம்பிக்கை பொய். அது உயிர்களைப் பலி வாங்கிய பொய்; திருத்தாமல் விட்டால் இன்னும் வாங்கும்.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் அறிவித்தார். நள்ளிரவில் நாடு பூட்டப்பட்டது. நான்கு மணி நேர அவகாசம். மறுநாள் முதல் தெருவில் காலெடுத்து வைத்தவர்களைத் தோப்புக்கரணம் போட வைத்தார்கள், பிரம்பால் விளாசினார்கள், வண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தக் காட்சிகளை நாம் செல்போனில் பகிர்ந்து சிரித்தோம். ஏப்ரலில் பல்லடம் பக்கம் சுற்றித் திரிந்த இளைஞர்களைப் பிடித்த போலீசார், கொரோனா நோயாளிபோல் நடிக்க ஒருவரைப் படுக்க வைத்திருந்த ஆம்புலன்சுக்குள் அவர்களை ஏற்றினார்கள். பையன்கள் அலறி, ஜன்னல் வழியாகக் குதிக்கப் பார்த்தார்கள். விழிப்புணர்வு என்று அந்த வீடியோவை நாடே பாராட்டியது. அது எதைக் கற்றுக்கொடுத்தது? நோயாளி என்பவர் பேய், கண்டால் ஓட வேண்டும் என்பதை. அதே மாதம் சென்னையில், தொற்றுக்குப் பலியான ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யப் போனவர்களைக் கூட்டம் கல்லால் அடித்து விரட்டியது. அந்தக் கல்லெறிக்கும் இந்தக் கைதட்டலுக்கும் வேர் ஒன்றுதான். ஜூன் மாதம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோன தந்தையும் மகனும் பிணமானார்கள். லத்தியைக் கொண்டாடிய சமூகம் அதற்குக் கொடுத்த விலை அது.

சரி, கொடுமையாக இருந்தாலும் பலன் கிடைத்ததா? தமிழ்நாட்டில் ஊரடங்கை மீறியதாகப் பதிவான வழக்குகள் பல லட்சம். அத்தனை வழக்கு போட்ட பிறகும் 2020 ஜூன் 19 முதல் சென்னையையும் சுற்றுப்புறங்களையும் மறுபடி முழுதாகப் பூட்ட வேண்டி வந்தது. 2021 பிப்ரவரியில் சுமார் 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக அரசே அறிவித்தது. அடுத்த மூன்றே மாதத்தில் இரண்டாம் அலை வந்து, தமிழகத்தில் ஒரே நாளில் 36,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. வழக்குக்கும் நோய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஏன் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். இந்தக் கிருமி அறிகுறி தெரியும் முன்பே பரவுவது. அது அதிகம் பரவிய இடம் காற்றோட்டமில்லாத அறைகள்: வீடு, பட்டறை, கல்யாண மண்டபம். அங்கே எந்தக் காவலரும் நிற்பதில்லை. சங்கிலியை அறுக்க முக்கியமான வழி ஒன்று உண்டு. காய்ச்சல் கண்டவர் தாமாக வந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரண்டு நாளாக யாரோடு சாப்பிட்டேன், எந்த வண்டியில் வந்தேன் என்று சுகாதாரப் பணியாளரிடம் மனம் திறந்து சொல்ல வேண்டும். அவர் சொல்லும் உண்மைதான் மருந்து. அந்த உண்மை பயந்தவன் வாயிலிருந்து வராது.

சென்னையில் தொற்று கண்ட வீடுகளின் வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள். சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அந்தத் தகரத்தைப் பார்க்கிறார். மறுநாள் அவருக்கு உடம்பு சுடுகிறது. அவர் காய்ச்சல் முகாமுக்குப் போவாரா, மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்வாரா? வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டுவதால் அங்கிருப்பவர்களைத் தீண்டத்தகாதவர்கள்போல் நடத்துகிறார்கள் என்று உச்ச நீதிமன்றமே கவலை தெரிவித்தது. உரிய அதிகாரியின் குறிப்பிட்ட உத்தரவில்லாமல் ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் கட்டளையிட்டது. அதற்குள் எத்தனை பேர் நோயை மறைத்தார்களோ, எந்தக் கணக்கிலும் வராது.

இது புதிய பாடமும் அல்ல. 2020-இல் அரசுகள் கையில் எடுத்த கொள்ளைநோய்ச் சட்டம் 1897-இல் பம்பாய் பிளேக்குக்காக வெள்ளையர் இயற்றியது. அந்த ஆண்டு புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட், சிப்பாய்களை வீடு வீடாக ஏவினார். பெண்களை வெளியே இழுத்துச் சோதித்தார்கள்; பண்டபாத்திரங்களைத் தெருவில் வீசினார்கள். மக்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள், ஊரைவிட்டு ஓடினார்கள், ஓடிய இடத்துக்கெல்லாம் நோயும் போனது. ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள்; சில நாளில் அவர் இறந்தார். பிறகு அந்த ஏகாதிபத்திய அரசே பலவந்தத்தைத் தளர்த்த வேண்டி வந்தது. அந்நிய ஆட்சி அன்று கற்ற பாடத்தைச் சுதந்திர நாடு மறந்தது வெட்கக்கேடு.

"மக்கள் கும்பல் கூடினார்களே" என்பார்கள். எப்போது கூடினார்கள்? 2020 ஏப்ரல் 24 அன்று, ஞாயிறு முதல் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். மறுநாள் சனிக்கிழமை நகரமே காய்கறிக் கடையில் நின்றது. நாலு பிள்ளை உள்ள வீட்டில், பிரிட்ஜ் இல்லாத தாய், நாலு நாளைக்கு அரிசி பருப்பு சேர்க்க ஓடியது ஒழுங்கீனமா? அந்தக் கூட்டத்தை உண்டாக்கியது அறிவிப்பு. அடுத்த சில நாளில் கோயம்பேடு சந்தையில் தொற்று வெடித்தது. அங்கே மூட்டை தூக்கியவர்கள் பிழைப்பற்று ஊர் திரும்பியதில் கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை பரவியது. "கோயம்பேடு ஆட்கள்" என்று அவர்களுக்குப் பட்டம் கட்டினோம். சந்தையை மே 5-இல் மூடிய அரசு, மே 7-இல் சென்னைக்கு வெளியே டாஸ்மாக்கைத் திறந்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் திரட்டியவை எல்லாக் கட்சிகளும்தான். அந்தக் கூட்டங்களைத் தடுக்காததற்காகத் தேர்தல் ஆணையத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகச் சாடியது. முகக்கவசம் போடாத கூலித் தொழிலாளியிடம் 200 ரூபாய் பிடுங்கிய சட்டம், மேடை போட்டவர்களைத் தொடவில்லை.

அதே மக்கள்தான் 2021 செப்டம்பர் 12 அன்று வரிசையில் நின்றார்கள். தடுப்பூசி என்றாலே பயம், வதந்தி, ஊசி போட்டுக்கொண்ட சில நாளில் நடிகர் விவேக் மறைந்த பிறகு இன்னும் அதிகத் தயக்கம் என்றிருந்த மாநிலம் இது. அரசு அன்று 40,000 இடங்களில் முகாம் போட்டது. பள்ளிக்கூடம், சத்துணவுக் கூடம், ஊராட்சி அலுவலகம் என்று தேர்தலில் ஓட்டுப் போடுகிற தூரத்துக்கு ஊசி வந்தது. இலக்கு 20 லட்சம். போட்டுக்கொண்டவர்கள் 28 லட்சத்துக்கு மேல். அக்டோபரில் இன்னொன்றும் நடந்தது. ஊசி போட்டால் கறி தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது என்று நம்பியவர்கள் ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு வரத் தயங்கினார்கள். அவர்களை மூடர்கள் என்று அரசு திட்டவில்லை. முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. ஆட்சி நிர்வாகம் என்றால் இதுதான். காது கொடுத்துக் கேட்டு, ஜனங்கள் வரக்கூடிய வழியைத் திறந்து வைப்பது.

அப்படியானால் சட்டமே வேண்டாமா? வேண்டும். தொழிலாளிக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் வேலைக்கு வரச் சொல்லும் முதலாளி மீது பாயட்டும். படுக்கைக்குக் கொள்ளை விலை கேட்கும் மருத்துவமனை மீது பாயட்டும். விதியைக் கடைப்பிடிக்க வசதி செய்து தந்த பிறகு மீறுபவர் மீதும் பாயட்டும். வசதி இல்லாதவனிடம் விதியை மட்டும் நீட்டுவது கொடுமை. "அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்" என்ற அறிவிப்பு வந்த சென்னை எது? அதற்கு முந்தைய கோடையில் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்ற நகரம். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் குடும்பத்திடம் "தனிமைப்படுங்கள்" என்றோம். நாள் கூலிக்காரரிடம் "வீட்டிலேயே இருங்கள்" என்றோம். அவர் வீட்டு உலைக்கு யார் அரிசி போடுவது என்று சொல்லவில்லை.

நிலைத்த வளர்ச்சி என்று ஐ.நா. மேடைகளில் பேசுவதன் பொருள் இங்கேதான் விளங்க வேண்டும். தெருக்குழாயில் வரும் தண்ணீர், காற்றோட்டமுள்ள வீடு, நோயுற்ற நாளுக்கும் கூலி, பேர் சொல்லி அழைக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் ஆகியவைதான் கொள்ளைநோய்க்கு எதிரான கோட்டைச் சுவர். நோய் வந்த பிறகு அதைக் கட்ட முடியாது. நம் திருநெல்வேலி மக்கள் தலைமுறைகளாக வாழும் மும்பை தாராவியைப் பாருங்கள். பொதுக் கழிப்பறையை நம்பி, இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் பல லட்சம் பேர் நெருக்கியடித்து வாழும் இடம். அங்கே மருத்துவர்கள் வாசல் தேடிப் போனார்கள். பள்ளிகளைத் தனிமை மையமாக்கி இலவசமாகச் சாப்பாடு போட்டார்கள். 2020 ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் தலைவரே பாராட்டும் அளவுக்குத் தொற்று கட்டுக்குள் வந்தது.

அடுத்த கொள்ளைநோய் வரும். எப்போது என்பதுதான் தெரியாது. இப்போதே உங்கள் வார்டு கவுன்சிலரிடம், ஊராட்சித் தலைவரிடம், சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்: எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை பணியிடம் காலி? குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை? காய்ச்சலில் கிடப்பவரின் குடும்பத்துக்கு அன்றைய சோறு யார் பொறுப்பு? ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இவற்றைக் கேளுங்கள். "நம்ம ஜனங்க அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேசுங்கள். நம் ஜனங்கள் அப்படி இல்லை. வழி காட்டி, வயிற்றுக்கும் வழி செய்த இடத்திலெல்லாம் அவர்கள் ஒத்துழைத்திருக்கிறார்கள். தவறியவர்கள் ஆள்பவர்களே.