விகிதத்துக்கு அடியில் இருப்பவை

உள்ளாட்சி அமைப்பின் கையிருப்பு குறைவாகவும் அதை நாடி நிற்கும் மின்திட்டங்கள் பலவாகவும் இருக்கும்போது, எதை ஏற்பது என்பதை நெறிப்படுத்தும் கருவியாகப் பயன்–செலவுப் பகுப்பாய்வு விளங்குகிறது. ஒரு திட்டத்தின் ஆயுள் முழுவதும் விளையும் நன்மைகளையும் ஆகும் செலவுகளையும் பணமதிப்பாக்கி எதிரெதிரே நிறுத்தும் இம்முறைக்குப் பிரெஞ்சுப் பொறியாளர் ழூல் துப்புய் 1844இல் எழுதிய கட்டுரை வித்திட்டது என்றால், அமெரிக்காவின் 1936ஆம் ஆண்டு வெள்ளத் தடுப்புச் சட்டம் அதை அரசு நடைமுறைக்குள் கொண்டுவந்தது.

கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஓடந்துறை ஊராட்சி இக்கருவியின் தன்மையை விளக்க ஏற்ற களமாகும். மரக்கழிவை எரிவாயுவாக்கிக் குடிநீர் ஏற்றும் அமைப்பை முதலில் நிறுவிய அவ்வூராட்சி, 2006இல் ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில், சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை உடுமலைப்பேட்டைப் பகுதியிலுள்ள மைவாடியில் அமைத்தது. மரக்கழிவு அமைப்புக்கு முதலீடு சிறிது, ஆனால் எரிபொருளை ஆண்டுதோறும் விலைகொடுத்து வாங்க வேண்டும். காற்றாலைக்கோ செலவின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே குவிய, வரவு இருபது ஆண்டுகளுக்குப் பரவுகிறது.

இவ்விரண்டையும் ஒரே தட்டில் நிறுத்த, வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் கழிவு வீதம் தேவைப்படுகிறது. இருபது ஆண்டு கழித்துக் கிடைக்கும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு, 5 விழுக்காட்டு வீதத்தில் சுமார் 38 ரூபாயாகவும் 10 விழுக்காட்டில் சுமார் 15 ரூபாயாகவும் அமைவதால், வீதத்தை உயர்த்துவோர், திட்டத்தின் பெயரைக்கூடச் சொல்லாமல், காற்றுக்கும் கதிரவனுக்கும் எதிராகத் தீர்ப்பளித்துவிடுகிறார்கள்.

பயனைச் செலவால் வகுக்கும் விகிதமும் தனித்து நின்றால் வழிதவறச் செய்யும். 20 லட்சம் செலவில் 40 லட்சம் பயன் தரும் திட்டத்தின் விகிதம் 2, ஒரு கோடி செலவில் ஒன்றரைக் கோடி பயன் தருவதன் விகிதம் 1.5 என்று கொண்டால், செலவு போக எஞ்சும் நிகரப் பயன் முன்னதில் 20 லட்சமாகவும் பின்னதில் 50 லட்சமாகவும் இருக்கும். இரண்டில் ஒன்றுக்கே இடமிருந்து, பணமும் திரட்ட முடியுமெனில் நிகரப் பயனே அளவுகோலாக வேண்டும். பணம் இறுகி, சிறு திட்டங்கள் பலவற்றுக்கு அதைப் பகிர வேண்டியிருந்தால் விகிதம் துணைசெய்யும்.

யாருடைய பயன், யாருடைய செலவு என்பது அடுத்த சிக்கல். மானியம் ஊராட்சியின் ஏட்டில் வரவு. அரசின் ஏட்டில் அதே தொகை செலவு என்பதால், சமுதாயம் முழுமைக்குமான கணக்கில் அது தன்னைத்தானே நீக்கிக்கொள்கிறது. இத்தகைய சமுதாயக் கணக்கில், சந்தை விலை உண்மையான சமூகச் செலவைக் காட்டாத இடங்களில் மாற்றாகக் கொள்ளும் மதிப்பான நிழல் விலை, 1972இல் தாஸ்குப்தா, மார்க்லின், அமர்த்திய சென் ஆகியோர் ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்புக்காக எழுதிய வழிகாட்டு நூலில் மைய இடம் பெற்றது. காற்றாலையின் வருமானம் ஓடந்துறைக்கும் அதன் நிலமும் இரைச்சலும் மைவாடிக்கும் உரியவை என்பதை, ஒரே ஊராட்சியின் ஏட்டோடு நின்றுவிடும் கணக்கு காண்பதில்லை.

ஆகவே, கிராம சபையின் முன் இறுதி விகிதத்தை மட்டும் வைப்பது போதாது. கழிவு வீதம், எரிபொருள் விலை, கணக்கின் எல்லை ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றி இட்டால் திட்டங்களின் வரிசை எங்கே புரள்கிறது என்ற அட்டவணையும் வைக்கப்பட வேண்டும். வரிசை புரளும் அந்த இடத்தில்தான் மக்கள் முடிவெடுக்க வேண்டிய கேள்வி இருக்கிறது.