கல்லாங்காயைக் கழங்காக்கும் கைங்கரியம்

தமிழைக் காப்பாற்றப் புறப்படுகிறவர்கள் முதலில் தாக்குவது பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்களைத்தான். அண்மையில் பெசன்ட் நகரில், குழந்தைகளுக்கு மரபு விளையாட்டு கற்பிக்கும் பயிலரங்கம் ஒன்றின் அறிவிப்பைப் பார்க்க நேர்ந்தது. நடத்தியவர்களின் பெயர் இங்கே வேண்டாம். இந்த நோய் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. கல்லாங்காய், அஞ்சாங்கல் என்பவை கொச்சைப் பெயர்கள், கழங்கு என்பதே தூய பெயர், குழந்தைகள் இனி அப்படியே சொல்லப் பழக வேண்டும் என்பது அதன் சாரம்.

நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் இது இலக்கியத்தையும் தவறாகப் படிக்கிறது, மொழியையும் தவறாகப் புரிந்துகொள்கிறது.

முதலில் இலக்கியம். புறநானூற்றின் 36ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார் பொன்னாலான கழங்குகளைக் கொண்டு பொருநை மணலில் மகளிர் ஆடுவதைக் காட்டுகிறார். பெரும்பாணாற்றுப்படையிலும் பொற்கழங்கு ஆடும் பெண்கள் வருகிறார்கள். மறுப்பில்லை. ஆனால் அதே கழங்கு, ஐங்குறுநூற்றின் வெறிப்பத்தில் வேலன் கையில் குறி பார்க்கும் கருவியாக இருக்கிறது. கழங்கு என்பது கழற்சிக்காய். ஆடவும் குறிபார்க்கவும் பயன்பட்ட பொருளின் பெயர். அந்த மகளிர் எத்தனை காய்களை வைத்து, எந்த முறைப்படி ஆடினார்கள் என்று அப்பாடல்கள் சொல்லவில்லை. உவமைக்கும் வருணனைக்கும் வந்த ஓர் ஆட்டத்தை இன்றைய ஆட்டத்தின் விதிப்புத்தகமாக்குவது புலமையாகாது, ஆசையின் வேலை அது.

அடுத்து மொழி. ஆட்டத்தைக் கவனியுங்கள். ஐந்து கற்களை இறைத்து, ஒன்றை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் தரையிலிருப்பதை அள்ளிக்கொண்டு எறிந்த கல்லையும் பிடிக்க வேண்டும். முதலில் ஒவ்வொன்றாக, பின் இரண்டிரண்டாக, பின் மூன்றும் ஒன்றுமாக, பின் நான்கையும் ஒருசேர. பக்கத்துக் கல் அசைந்தால் ஆட்டம் போயிற்று. கடைசியில் எல்லாவற்றையும் புறங்கையில் ஏந்தி மீண்டும் உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். இதற்கு மக்கள் வைத்த பெயர்களில் ஒன்றுகூட வெறுமையானதில்லை. அஞ்சாங்கல் எண்ணிக்கையைச் சொல்கிறது. தாயத்திலும் சதுரங்கத்திலும் எந்தப் பொருளால் செய்ததாயினும் நகர்த்துவதைக் காய் என்றே சொல்லும் மொழியில், கல்லே காயாக வந்தால் கல்லாங்காய். தட்டாங்கல், சொட்டாங்கல், சுட்டிக்கல் என்று ஊருக்கொரு பெயர். யாழ்ப்பாணத்தில் இது கொக்கான் வெட்டுதல். இவற்றில் எதைக் கொச்சை என்பீர்கள்?

வழக்கையும் செய்யுளையும் இரண்டையும் ஆராய்ந்து எழுந்த நூல் தொல்காப்பியம் என்கிறது அதன் பாயிரம். சொல்வகையில் திசைச்சொல்லுக்கு இடமளித்ததும் அந்நூலே. தனித்தமிழின் தலைமகனான தேவநேயப் பாவாணர், 1954இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' எழுதியபோது நாட்டுப்புறத்தில் வழங்கிய பெயர்களைத் தேடித் தொகுத்தார். பாவாணரைவிடத் தூயவர்களாக விரும்புகிறவர்களிடம் நான் என்ன சொல்ல?

'பெயரில் என்ன இருக்கிறது, பிள்ளைகள் ஆடினால் போதாதா?' என்று சிலர் கேட்கலாம். போதும்தான்; அதனால்தான் கேட்கிறேன், பெயரை ஏன் மாற்றுகிறீர்கள்? இன்னொரு வாதம் சற்று வலுவானது: ஒரு பொதுப்பெயர் இல்லாவிட்டால் பாடநூலில் எப்படி எழுதுவது? எல்லாப் பெயர்களையும் எழுதுவதுதான். ஆறு பெயர்களுக்கு அரைப்பக்கம் போதும். தன் வீட்டுச் சொல்லை அச்சில் காணும் குழந்தைக்கு மொழியின் மீது வரும் உரிமையை எந்தத் தூய சொல்லும் தந்துவிடாது.

இந்த ஆட்டம் தமிழருக்கு மட்டுமே உரியது என்ற பெருமிதமும் கூடவே வருகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் போலக்ஸ் என்ற அகராதிக்காரர், ஐந்து கற்களை எறிந்து புறங்கையில் ஏந்தும் ஆட்டத்தைக் கிரேக்கப் பெண்களின் ஆட்டமாகக் குறித்திருக்கிறார். கொரியாவில் இது கோங்கி. 2024 டிசம்பரில் வெளியான 'ஸ்க்விட் கேம்' இரண்டாம் பகுதி அந்தச் சொல்லை உலகெங்கும் கொண்டுபோனது. பிள்ளைகள் தெருவில் சொல்லும் சொல்லைத்தான் அவர்கள் உலகுக்குக் கொடுத்தார்கள்.

என் கோபத்தின் காரணம் சொல்லாராய்ச்சியோடு முடியவில்லை. பெசன்ட் நகரின் அடுக்ககங்களுக்கும் ஊரூர் குப்பத்துக்கும் இடையே நடைதூரம்தான். கல்லாங்காயைக் காசில்லாமல், படிக்கட்டிலும் மணலிலும் ஆடிக் காப்பாற்றியவர்கள் குப்பத்துப் பெண்களும் அவர்களைப் போன்றவர்களுமே. 'வீட்டுக்குள் ஆடினால் தரித்திரம்' என்று திட்டு வாங்கிக்கொண்டே ஆடியவர்கள். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானைக்கும் ஊசலுக்கும் பக்கத்தில் கழங்காடலைப் பருவமாக வைத்துப் போற்றிய புலவர்கள், அதை உயிரோடு வைத்திருந்த பெண்களைக் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை. இன்று பயிலரங்கமும் அதையே செய்கிறது. ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறது, கட்டணம் வைக்கிறது, கொடுத்தவர்களின் சொல்லைக் கொச்சை என்கிறது. வேலைக்கு வரும் பெண்ணின் மகள் 'அஞ்சாங்கல்' என்றதும் அடுக்ககத்துக் குழந்தை திருத்துமானால், அங்கே கற்பிக்கப்படுவது விளையாட்டன்று, சாதியும் வர்க்கமும்.

இந்தப் பகுதிக்கு அன்னி பெசன்டின் பெயர். கடற்கரைக்கு எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயர். இவற்றுக்கெல்லாம் முந்திய ஊரூர் என்ற பெயரைச் சொல்லிச் சொல்லியே காத்தவர்கள் மீனவர்கள். ஒரு பெயரை வாழவைப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். பயிலரங்கம் நடத்துங்கள், ஆனால் கற்றுக்கொடுக்க அந்தப் பெண்களை அழையுங்கள், அதற்குரிய ஊதியத்தையும் கொடுங்கள். பையன்களையும் உட்காரவையுங்கள். கழங்கு என்ற சொல்லை வகுப்பில் புறநானூற்றோடு சேர்த்து நான் கற்பித்துக்கொள்கிறேன். அது என் வேலை. கல்லாங்காய்க்குப் பெயர் சூட்டும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.