மானுக்கு எதற்கய்யா மேக்னம்?

தேங்க்ஸ்கிவிங் நெருங்கினால் எங்கள் பென்சில்வேனியா துப்பாக்கிக் கடைகளில் ஒரே பல்லவிதான்: "பெரிய தோட்டாவாக வாங்குங்கள், மான் நின்ற இடத்திலேயே விழும்." வருடத்துக்கு இரண்டு நாள் காட்டுக்குப் போகிற, தோளில் உதை தாங்காத மனிதர் தலையில் 300 வின்செஸ்டர் மேக்னத்தைக் கட்டிவிடுகிறார்கள். அநியாயம் என்றுதான் சொல்வேன்.

உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வார், தோளை உலுக்குவார். நெஞ்சில் பட வேண்டிய குண்டு வயிற்றில் பாயும். அந்த மான் மணிக்கணக்கில் புதருக்குள் கிடந்து சாகும். குண்டு பெரிதாக இருந்து என்ன பயன்?

1955-இல் வந்த 243 வின்செஸ்டரின் உதை அந்த மேக்னத்தில் பாதிகூட வராது. குண்டு 100 கிரெய்ன், அதாவது ஆறரை கிராம்தான். 200 கெஜத்துக்குள், முன்னங்காலை ஒட்டிப் பின்னால், இருதயமும் நுரையீரலும் இருக்கிற இடத்தில் பட்டால் வெள்ளைவால் மானுக்கு அது தாராளம். மனசு கேட்காதவர் 7எம்எம்-08 வாங்கட்டும். சுவீடன்காரர்கள் 6.5×55 தோட்டாவால் தலைமுறை தலைமுறையாக மூஸ் சுடுகிறார்கள்; அது குதிரை அளவு மிருகம்!

மருமகனோ பேரனோ முதல் ரைபிள் வாங்கப் போனால் நீங்களும் கூடப் போங்கள். கடைக்காரர் மேக்னத்தை எடுத்து வைத்தால், "முதலில் நீங்கள் இதை இருபது தடவை சுட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.